கூரைமேல் ஒரு தொழிலதிபர்

நவம்பர் பிறந்தால் பின்லாந்துக்காரர்களுக்கு ஒரு திருவிழா. தேரும் கிடையாது, கூழும் கிடையாது. நாட்டில் யார் எவ்வளவு சம்பாதித்தார், எவ்வளவு ‘வெரோ’ கட்டினார் என்று பெரும்பணக்காரர்களின் பட்டியலைப் பத்திரிகையில் போட்டுவிடுவார்கள். வெரோ என்றால் வரி. நான் பஸ் கழுவும் பணிமனையில் அன்றைக்குக் காலைக் காப்பிக்கு அதுதான் தொட்டுக்கொள்ள. சில்லறை ஆட்களையும் விட்டுவைப்பதில்லை. வரி அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டால் என் வருமானத்தைப் பக்கத்து வீட்டுக்காரனுக்குச் சொல்லிவிடுவார்கள். முதல் வருஷம் இதைக் கேட்டபோது அந்தக் குளிரிலும் எனக்கு வேர்த்துவிட்டது.

எங்கள் பக்கம் இப்படி ஓர் அசிங்கம் நடக்குமா? திண்டிவனத்தில் நான் முன்பு வேலை பார்த்த முதலாளியையே எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்கு இரண்டு கல்யாண மண்டபம், ஒரு லாட்ஜ். ஆனால் கேட்டால் வருமானமெல்லாம் விவசாயத்தில் வந்தது என்பார், விவசாயத்துக்குத்தான் வருமான வரி இல்லையே. வைகாசியில் முகூர்த்தம் கூடினால் அவர் கொல்லையில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, விளைச்சலும் கூடும். கல்யாணம் இல்லாத ஆடியில் மட்டும் பூமித்தாய் கொஞ்சம் ஓய்வெடுப்பாள். மனிதர் சேற்றில் கால் வைத்து நான் பார்த்ததில்லை. தினமும் எங்களுக்கு உபதேசம் மட்டும் தவறாது.

“இலவசமா குடுத்துக் குடுத்து ஜனங்கள சோம்பேறி ஆக்கிட்டானுங்கப்பா. அவனவன் ஒழைச்சி முன்னுக்கு வரணும். அவனவனுக்குப் பொறுப்பு வேணும்.”

கழுவின தட்டுகளை அடுக்கிக்கொண்டே நாங்கள் தலையாட்டுவோம்.

என் அக்கா செல்வி காணைப் பக்கம் கரும்பு வெட்டவும் நாற்று நடவும் போகிறவள். வருஷம் முழுக்கச் சேற்றில் நிற்கிறாள், ஆனால் சொந்தமாக ஒரு சென்ட் வயல் இல்லாததால் விவசாயி ஆக முடியவில்லை. சோப்பு வாங்கினால் வரி கட்டுகிறாள், பிள்ளைக்கு பிஸ்கட் வாங்கினால் வரி கட்டுகிறாள். குடியிருப்பது ஓலைக் கூரை வீடு. அரசு கட்டித் தரும் காங்கிரீட் வீட்டுக்கு மூன்றாவது முறையாக எழுதிக் கொடுத்திருந்தாள், போன மாதம்தான் அதிகாரி பார்க்க வந்தார்.

வந்தவர் அண்ணாந்து பார்த்தார். கூரைமேல் நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

அக்கா மகளுக்குக் காது குத்தியபோது, தாய்மாமனான நான் ஊருக்கு வர முடியாவிட்டாலும் பேனரிலாவது நிற்க வேண்டுமென்று அக்கா வீட்டுக்காரர், என் மாமா, கேட்டார். நானும் கூட வேலை செய்யும் மிக்கோவிடம் கோட்டும் டையும் இரவல் வாங்கிப் போட்டுக்கொண்டு படம் எடுத்து அனுப்பினேன். மாமா தன் பங்குக்கு அதன் கீழே ‘பின்லாந்து தொழிலதிபர்’ என்று அடித்துவிட்டார். விழா முடிந்ததும் பேனரைக் கூரையில் ஒழுகும் இடத்தில் விரித்துக் கல் வைத்தார்கள். எங்கள் ஊரில் எவ்வளவு பெரிய மனிதனுக்கும் கடைசியில் அதே வேலைதான்.

“ஏம்மா, தொழிலதிபர மேலயே வெச்சிக்கினு கவருமெண்டு வூடு கேக்கறியே, நாயமா?” என்றாராம் அதிகாரி. மறுபடி வந்து பார்த்துத்தான் எழுதுவேன் என்று போய்விட்டார்.

அக்கா போனில் அழுதாள். “ஒரே பேஜாராப் போச்சு தம்பி. எடுத்தா ஒழுவுது, இருந்தா வூடு இல்லன்றாரு. நான் இன்னாடா பண்றது?”

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? கோட்டைக் கேட்டு வாங்கியவன் நான்தானே. முதலாளி சொன்ன பொறுப்பு கடைசியில் இப்படி வந்து சேர்ந்தது.

மிக்கோவிடம் சொன்னேன். “உன் படத்தைக் கூரைமேல் வைத்திருக்கிறார்களா? நீ தேர்தலில் நிற்கிறாயா?” என்றான். பிறகு அவனே வழியும் சொன்னான். “அந்த அதிகாரியை எங்கள் வரி அலுவலகத்துக்குப் போன் பண்ணச் சொல். உன் வருமானத்தைச் சொல்லிவிடுவார்கள்.” நல்ல பிள்ளை, விளையாட்டுக்குச் சொல்லவில்லை. போன் எதற்கு, வரிக் காகிதத்தையே அனுப்புகிறேன், பஸ் கழுவுகிறவன் என்று நீயே அவரிடம் சொல் என்றேன் அக்காவிடம்.

“அய்யய்யோ, வேணாம்டா! பஸ்ஸு கழுவறன்னு தெரிஞ்சா ஊரே சிரிக்கும். பொண்ண நாளைக்கி யாரு கேட்டு வருவாங்க?”

ஆக, நான் தொழிலதிபராக இருந்தால் வீடு போய்விடும், இல்லாவிட்டால் மானம் போய்விடும்.

நேற்று அவளே கூப்பிட்டாள். குரலில் கொஞ்சம் தெம்பு இருந்தது. “பேனரத் திருப்பிப் போட்டுட்டேண்டா. வெள்ளைப் பக்கம் வெளிய, நீ உள்ள. சார் வந்தாரு, பாத்தாரு, எழுதிக்கினு பூட்டாரு.”

“நான் உள்ளேயா?”

“ஆமா. ஓலை போன எடத்துல ஒன்னோட ஒத்தக் கண்ணும் டையும் தெரியுது. படுத்தா நீதான் எங்களப் பாத்துக்கினு இருக்கற.”

இங்கே முன்பின் தெரியாதவன் போன் போட்டால்கூட நான் யாரென்று சொல்லிவிடுவார்கள். அங்கே என் முதுகில் மழை பெய்துகொண்டிருக்கிறது. இந்தப் பொங்கலுக்கு வரட்டுமா என்று கேட்டேன்.

“வூட்டு லிஸ்ட்டு வர்ற வரைக்கும் வேணாம் தம்பி. நீ அங்கயே இரு, வெளிய தல காட்டாத” என்றாள்.