காவல் நிலையத்தில் என் கணவரின் கன்னடம்

தொண்ணூற்றொன்றில் முன்னாள் பிரதமர் கொலையான பிறகு, கன்னட ஊரில், அக்ரஹாரம் என்ற பகுதியில் நாங்கள் வாடகைக்குக் குடியிருந்த வீட்டுக்குப் போலீஸ் வந்தது. தமிழ்க் குடும்பம் என்பது ஒரு காரணம். என் கணவர் ராணுவத்தில் வயர்லெஸ் பார்த்தவர், அமைதிப்படையோடு இலங்கைக்குப் போய்வந்தவர் என்பது இன்னொன்று. ஓய்வு பெற்று, ஹெப்பாளில் ஒரு தொழிற்சாலையில் வாயிற்காவலராக இருந்தார்.

இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். யாழ்ப்பாணத்தில் யாரையெல்லாம் தெரியும் என்று கன்னடத்தில் கேட்டார். இவர் பெட்டியைத் திறந்து மெடலை எடுத்துக் காட்டினார். அதைப் பார்த்துவிட்டு, இலங்கைக்காரர்கள் பேசும் தமிழ் உங்களுக்குப் புரியுமா என்றார். புரியும் என்றார் இவர். அதோடு சந்தேகத்துக்குரியவர் மொழிபெயர்ப்பாளர் ஆகிவிட்டார்.

ஷிப்ட் முடிந்து வந்தால், இவரை ஸ்டேஷனுக்குக் கூட்டிப்போக வாசலில் ஜீப் நிற்கும். வீட்டுக்கார அம்மாள் ஒருநாள் என்னிடம், "தப்பா நினைக்காதேம்மா, மகனுக்குக் கல்யாணம் பண்ணணும், வீடு பேக்கு" என்றாள். வீடு வேண்டுமாம். அவள் மகன் அப்போது எட்டாவது படித்துக்கொண்டிருந்தான்.

ஒரு நாள் மாலை, ஸ்டேஷனிலிருந்து வந்தவர் ஷூவைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தார். அன்று விசாரித்தது ஓட்டலில் தோசை போடும் ஓர் இலங்கை அகதியை. நடுத்தர வயது.

"என்னாச்சுங்க?"

"எந்த இயக்கம்னு கேக்கச் சொன்னாரு. கேட்டேன். அந்தாளு என் மூஞ்சியையே பாத்தாரு. 'அண்ணை, முதல்ல எங்கட பெடியளுக்குத் துவக்குச் சுடப் பழக்கினது உங்கட அரசாங்கம். பிறகு நீங்கள் ஆமியா வந்தனீங்கள், நாங்கள் மாலை போட்டனாங்கள். பிறகு எங்களையே சுட்டனீங்கள். இப்ப என்னைப் பயங்கரவாதியோ எண்டு கேக்கிறியள்'னாரு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"அப்படியே கன்னடத்துல சொன்னேன். இன்ஸ்பெக்டர் பேனாவ மூடிட்டாரு. 'இதெல்லாம் பேடா, வேண்டாம், ஆமாவா இல்லையான்னு மட்டும் கேளுங்க'ன்னாரு."

சாப்பாடு போட்டேன். பிசைந்துவிட்டுச் சாப்பிடாமல் எழுந்தார்.

மறுநாள் ஸ்டேஷனில், அந்த அகதி வெறும் சமையல்காரர், அதற்கு நான் கையெழுத்துப் போட்டுத் தருகிறேன் என்று இவர் சொல்லியிருக்கிறார். "நமக்கு எதுக்குங்க வம்பு?" என்று அழுதேன். "எனக்குத் தெரிஞ்சத சொன்னேன்" என்றார், அவ்வளவுதான். அந்த மனிதரை விட்டுவிட்டார்கள். ஆனால் ஓட்டலுக்குத் திரும்ப விடவில்லை, தமிழ்நாட்டில் ஏதோ ஒரு முகாமுக்கு அனுப்பினார்கள். அதற்குமேல் எங்களுக்குத் தெரியாது. ஜீப் வருவது நின்றது. நாங்களும் வீட்டைக் காலி செய்து ஹெப்பாள் பக்கம் போனோம்.

சில வருடம் கழித்து ஒரு ஞாயிறு மத்தியானம், டிவி செய்தியில் எங்கோ குண்டு வெடித்திருந்தது. பக்கத்து வீட்டு வங்கிக்காரர் உற்சாகமாகச் சொன்னார்: "எல்லாத்துக்கும் பின்னால டெல்லில ஒரு ரகசிய பிளான் இருக்கும் சார். மிலிட்டரில இருந்த உங்களுக்குத் தெரிஞ்சிருக்குமே!"

"இருந்திருக்கலாம் சார். இலங்கைல நண்பர்னு சொன்னாங்க, போனோம். எதிரின்னு சொன்னாங்க, சுட்டோம். நடுவுல என்ன மாறிச்சுன்னு எங்க ஆபீசருக்கே தெரியல."

வங்கிக்காரர் சிரித்துவிட்டு, காபி குடித்துப் போனார். எனக்கு மனசு கேட்கவில்லை. "உண்மையிலேயே அப்படி ஒரு திட்டம் இருந்திருக்குமாங்க?"

டிவியை அணைத்தார். "என்கூட இருந்து செத்தவங்களுக்காகவாவது ஒண்ணு இருந்திருக்கணும்" என்றார். பிறகு ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது என்று எழுந்து, சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார்.