மோரக் விழுந்த வளைவு

மோரக்கைக் கீழே தள்ளியவன் நான்தான். கையால் அல்ல... சைக்கிளால். தவறு தன்னுடையது என்று அவள் இன்றுவரை நம்புகிறாள். நம்பவைத்தவனும் நான்தான்!

உங்களிடம் ஏன் சொல்கிறேன்? களைத்துவிட்டேன். வேறு காரணம் இல்லை.

மோரக் ஸ்காட்லாந்துக்காரி. சரிவான மரப்பலகைத் தடத்தில் சைக்கிள் ஓட்டும் விரைவோட்ட வீராங்கனை. தன் நாட்டுக் குளிருக்குத் தப்பி, உலகப் போட்டிக்குத் தயாராக மலேசியாவின் நெகிரி செம்பிலான் மாநிலத்துக்கு வந்திருந்தாள். கோலா சாவா தோட்டத்தில் பிறந்த நான் அப்போது மாநில வீரன். பயிற்சியில் அவளோடு போட்டியிட என்னை அமர்த்தியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயில் பூசை முடிந்ததும் எங்கள் வீட்டில்தான் அவளுக்குச் சாப்பாடு. என் மனைவி ஸ்டெல்லா அவளுக்குக் கொஞ்சம் தமிழ் சொல்லிக்கொடுத்திருந்தாள்; மோரக் என்னை 'அண்ணே' என்றே அழைப்பாள்.

அன்று காலை தோட்டத்துச் சிநேகிதர்கள் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். முதல் ஓட்டத்தில் மோரக் என்னை முந்திவிட்டாள்.

"என்னடா, பொம்பளகிட்ட தோத்துட்டியே லா!" என்று ஒருவன் கத்தினான். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்... உள்ளே எரிந்துகொண்டே.

இரண்டாவது ஓட்டம். நான் முன்னால், அவள் பின்னால். கடைசி வளைவில் மேல்பக்கமாக ஏறி முந்த வந்தாள். அவளுடைய முன்சக்கரம் என் பின்சக்கரத்தின் பக்கத்தில் வந்துவிட்டது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் சைக்கிளை மேலே திருப்பினேன்! பயந்து பின்வாங்குவாள் என்று நினைத்தேனா? விழட்டும் என்றே நினைத்தேனா?

சக்கரங்கள் உரசின. மோரக் மரப்பலகையில் தேய்ந்தபடியே கீழே சரிந்தாள். இடுப்பெலும்பு முறிந்தது.

பயிற்சியாளர் ஓடிவந்தார். "நீ லைன் மாறினியா? உண்மைய சொல்லு லா!"

"இல்ல கோச். நான் நேராத்தான் போனேன். அவங்கதான் ரொம்ப ஒட்டி வந்துட்டாங்க."

கீழே கிடந்தவளின் காதில் அது விழுந்தது. "சாரி, அண்ணே... என் தப்பு" என்றாள். நான் தலையசைத்தேன். அவளை மன்னிப்பவனைப் போல!

எலும்பு கூடியது. மோரக் மீண்டும் ஓட்டினாள். ஆனால், முன்னால் போகிறவர் கொஞ்சம் அசைந்தாலும் அவள் வேகத்தைக் குறைத்துவிடுவாள். தூரத்தைக் கணிக்கத் தெரியாதவள் என்றார்கள். அவளும் ஆமென்றாள். அணியில் இடம் போயிற்று. பிறகு பந்தயமே போயிற்று.

நானும் விட்டுவிட்டேன். இப்போது பெடாஸில் தொழிற்சாலை வேன் ஓட்டுகிறேன்.

போன மாதம் மோரக் எங்களைப் பார்க்க வந்தாள், ஒரு காலைச் சற்று இழுத்தபடி. இம்முறை சொல்லிவிடுவது என்று உறுதியாக இருந்தேன். சாப்பிடும்போது அவளே அந்தப் பேச்சை எடுத்தாள். தன் ஊரில் பிள்ளைகளுக்குச் சைக்கிள் பயிற்சி தருகிறாளாம்.

"முதல் நாளே அவர்களுக்கு என் கதையைச் சொல்லிவிடுவேன்" என்றாள் ஆங்கிலத்தில். "விழுந்தால் முன்னால் போனவர்மேல் பழி போடாதீர்கள். முதலில் உங்கள் கண்ணைச் சந்தேகப்படுங்கள் என்பேன்."

வாயைத் திறந்தேன்...

"பார்த்துக்கிட்டே இருக்கீங்களே, அவங்களுக்குக் குழம்பு ஊத்துங்க லா" என்றாள் ஸ்டெல்லா.

ஊற்றினேன்.

மறுநாள் மோரக் விமானமேறிப் போய்விட்டாள். அங்கே, நான் பார்த்தேயிராத பிள்ளைகள், தங்கள் கண்களையே நம்பாமல் சைக்கிள் ஓட்டப் பழகிக்கொண்டிருக்கிறார்கள்.