ராசியான குழி

அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்த ராத்திரியில் குடை பிடிப்பான் என்பார்கள். என் வீட்டுக்காரரின் அண்ணன், வீட்டில் எல்லோருக்கும் பெரியவர், குடை பிடிக்கவில்லை, வீட்டுக்குப் பின்னால் குழி வெட்டினார். தொண்ணூறுகளின் தொடக்கம். பனியன் எக்ஸ்போர்ட் சூடுபிடித்து, பல்லடம் ரோட்டில் எங்கள் கம்பெனிக்கு இரண்டாவது மாடி ஏறிய சமயம். ஜெர்மனிக்கு ஒரே ஒரு தடவை போய் வந்தார். அங்கே யாரோ தோட்டத்துக் குழியில் தீ மூட்டி, சுற்றி உட்கார்ந்து சாக்லேட்டை உருக்கி, பழத்தை முக்கித் தின்றார்களாம். வந்ததிலிருந்து எங்கள் வீட்டுச் சோறே அவருக்குக் கேவலமாகிவிட்டது.

அடுத்த மாதம் எங்கள் பனியனை வாங்கும் வெள்ளைக்காரர், பையர், வருகிறார், இங்கேயும் அதேபோல் செய்ய வேண்டும் என்றார். செய்ய ஆள் நான்தான். கோயம்புத்தூரில் ஹோம் சயின்ஸ் படித்த மருமகள் என்று ஊரெல்லாம் பெருமையடித்துவிட்டு, ஆறு வருஷமாக என்னை வெங்காயம் உரிக்க வைத்திருந்த குடும்பம். எனக்கிருந்தது ஒரே ஆசை. ரோட்டைப் பார்த்த பழைய நூல் குடோனில் ஓர் ஓவன் வைத்து, கேக் போட்டு விற்க வேண்டும். பெரியவரிடம் மூன்று முறை கேட்டிருக்கிறேன், மூன்று முறையும் சிரித்தார். அன்று சிரிக்கவில்லை.

“வெள்ளைக்காரன் நல்லா இருக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லீட்டான்னா, அந்தக் குடோன் உனக்குத்தான் கண்ணு.”

நம்பினேன். என் படிப்பு அந்த லட்சணத்தில் இருந்தது.

பையர் வந்த சாயங்காலம், அவர் உள்ளே சாம்பிள் பார்த்துக்கொண்டிருக்க, பின்னால் குழியில் கொட்டாங்குச்சிக் கங்கு அருமையாகப் பிடித்திருந்தது. அப்போதுதான் பெரியவர் மனைவி பித்தளைப் பானையில் பாலோடு வந்தார். புது அடுப்பு என்றால் முதலில் பால் பொங்க வேண்டுமாம். இது அடுப்பு இல்லை அக்கா, குழி என்றேன். நெருப்பு எரிந்தால் அடுப்புதான் என்றார். சகுனம் பெரிதாக இருக்கட்டும் என்று மூன்று லிட்டர். பால் பொங்கியது, வழிந்தது, கங்கு மொத்தமும் அணைந்தது. பெரியவரும் அக்காவும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்கள்.

எங்கள் ஊரில் எதற்கும் ஒரே வைத்தியம் பனியன் வேஸ்ட்தான். மிஷின் துடைக்க, தலையணை அடைக்க, அடுப்புப் பற்றவைக்க. பெரியவர் ஒரு மூட்டை கட்டிங் துணியைக் குழியில் கொட்டி, மண்ணெண்ணெய் ஊற்றிக் கொளுத்தினார். சாயப் புகை கறுப்பாக எழும்பியது. குழிமேல் வைத்த சட்டியில் உருகிய சாக்லேட்டில் கரித்தூள் மிதந்தது. புகை வாசம்தான் அவர்களுக்கு ருசி, அப்படியே கொடு என்றார் அந்த மேதை.

குடோன் கைவிட்டுப் போவது எனக்குக் கண்ணெதிரே தெரிந்தது. சட்டியைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்கு ஓடினேன். கரி விழுந்ததைக் கொட்டிவிட்டு, உருக்காமல் மிச்சமிருந்த சாக்லேட்டை கேஸ் அடுப்பில், வெந்நீர்மேல் பாத்திரம் வைத்து உருக்கினேன். யாரும் பார்க்காமல் கொண்டுவந்து, துணி எரிந்து தணிந்த குழியின் ஓரத்தில் வைத்தேன்.

பையர் நேந்திரம்பழத் துண்டுகளை முக்கி முக்கித் தின்றார். விரலைக்கூட நக்கினார். பிறகு அவர் சொன்னதை மேனேஜர் தமிழில் சொன்னார்: இந்த ருசி வீட்டு அடுப்பில் வராது, எல்லாம் இந்தத் தீயின் மணம். பெரியவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே, அந்தத் தீயை அவரே பெற்றெடுத்த மாதிரி.

மறுநாள் காலையில் குடோன் சாவி கேட்டேன்.

“அவன் தீயத்தான கண்ணு நல்லா இருக்குதுன்னான்” என்றார்.

கேஸில் செய்தது என்று சொல்ல வாய் வரை வந்தது. சொன்னால் பையரை ஏமாற்றியவள் நான். திருடனுக்குத் தேள் கொட்டிய கதைதான். ராசியான குழி என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். மழையில் நனையக் கூடாதென்று அதற்கான கொட்டாங்குச்சியையும் பனியன் வேஸ்ட்டையும் கூரை முட்ட அடைத்தார்கள், என் குடோனில்.

அடுத்த பையர் வந்தபோது முதலில் பால் பொங்க வைத்தார்கள். நான் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு கேஸைப் பற்றவைத்தேன்.