நண்டு கேட்ட நாக்கு

பயணக் கட்டுரைகளை அளவுக்கு மீறிப் படித்தவனுக்கு ஒரு வியாதி வரும். ஹோட்டல் சாப்பாடெல்லாம் போலி, ஏழை வீட்டு அடுப்பில் வேகிறதுதான் நிஜம் என்று தோன்றும். 1984-ல் மதராசிலிருந்து யாழ்ப்பாணம் போனபோது எனக்கு அது முற்றியிருந்தது.

குருநகரில் என் பேனா நண்பர் அந்தோனியின் வீட்டில் தங்கினேன். மீன்பிடிப்பவர். முதல் நாள் அவர் மனைவி திரேசம்மா பருப்பும் கத்தரிக்காயும் சமைத்தார்.

“இதைச் சாப்பிடவா கடல் தாண்டி வந்தேன்? பனங்கிழங்கு மாவில் நண்டு போட்டுக் காய்ச்சிய அசல் ஒடியல் கூழ் வேண்டும்” என்றேன்.

“அதுக்கென்ன அண்ணை, காய்ச்சுவம்” என்றார் அந்தோனி.

மறுநாள் மதியம் கடல் பக்கம் வெடிச்சத்தம் கேட்டது. திரேசம்மா செபமாலையை எடுத்தார்.

“கடலிலை இறங்கினால் நேவிக்காரங்கள் சுடுவாங்கள் அண்ணை. ஒரு மாசமாய் ஒருதரும் தொழிலுக்குப் போறேல்லை. இவர் உங்களுக்கு நண்டு பிடிக்கப் போயிட்டார்.”

“என்னிடம் சொல்லியிருக்கலாமே!”

“வீட்டுக்கு வந்த ஆளிட்டை இல்லையெண்டு எப்பிடிச் சொல்லுறது?”

பொழுது சாயும் நேரம் அந்தோனி சேற்றில் நடந்து வந்தார். ஒரு காதுமடல் கிழிந்து ரத்தம் வழிந்தது. இடுப்பில் கட்டிய ஓலைப்பறிக் கூடையில் ஐந்து நண்டுகள்.

“வள்ளம் போச்சு. நண்டு உயிரோடை கிடக்குது. அடுப்பை மூட்டு” என்றார் மனைவியிடம்.

அந்த வள்ளத்தை விட்டால் அவர்களுக்கு வேறு பிழைப்பில்லை. கூழைக் குடித்தேன், குடிக்காமல் எழுந்திருப்பது அதைவிடக் கேவலம். ருசி நினைவில்லை.

இப்போது வெளியூர் கிளம்புமுன் அந்த ஊர்ச் செய்தித்தாளைத் தேடிப் படிக்கிறேன். போன இடத்தில் தட்டில் விழுவதை, அதன் பெயரைக்கூடக் கேட்காமல் சாப்பிடுகிறேன்.