கமலநாதன் போகாத வீடு

கமலநாதன் நல்ல முதலாளிதான். சிக்கலே அதில்தான்.

சுபாங் ஜெயாவில் ஒரு கம்ப்யூட்டர் நிறுவனத்தில் பதினான்கு வருடம் வேலை பார்த்தவர். அப்பா இறந்தபோது அங்கிருந்த மேலாளர் துக்கம் விசாரிக்க வீட்டுக்கே வந்துவிட்டார். அழுது வீங்கிய முகத்தோடு ஆபீஸ்காரர் முன்னால் நின்றது கமலநாதனுக்குப் பெரிய கூச்சம். இந்த நேரத்திலாவது மனிதனைத் தனியாக விடக்கூடாதா என்று மனசுக்குள் திட்டினார். தான் முதலாளியானால் இந்தத் தப்பைச் செய்யவே கூடாது என்றும் முடிவு கட்டினார்.

முதலாளியும் ஆனார். பிரிக்ஃபீல்ட்ஸில் அவர் வாங்கி நடத்தும் வாழை இலைச் சாப்பாட்டுக் கடைக்கு வீரம்மாதான் சமையல். கடை கைமாறுவதற்கு முன்பிருந்தே, பத்தொன்பது வருடமாக.

போன மாதம் வீரம்மாவின் கணவர் மாரடைப்பில் போய்விட்டார். கமலநாதன் சும்மா இருக்கவில்லை. பதினாறு முடியும்வரை முழுச் சம்பளத்தோடு விடுமுறை என்று உடனே செய்தி அனுப்பினார். கடை ஆட்கள் நால்வரும் சுங்கை வேயில் இருக்கும் வீரம்மாவின் வீட்டுக்குக் கிளம்பியபோது கடை வாசலிலேயே மறித்தார்.

"அவங்கள டிஸ்டர்ப் பண்ணாதீங்க லா. குடும்பத்தோட இருக்கட்டும்."

எவ்வளவு நாகரிகமான மனிதர்! அன்று மதியம் கடையில் வியாபாரம் வழக்கம்போல நடந்தது.

காரியம் முடிந்து வீரம்மா வேலைக்கு வந்தார். அரிசி களைந்தார், குழம்பு கூட்டினார், யாரோடும் பேசவில்லை. மூன்று நாள் பொறுத்துப் பார்த்த கமலநாதன் சமையல்கட்டுக்குப் போனார்.

"என் மேல கோவமாக்கா?"

வீரம்மா கரண்டியைக் கீழே வைத்தார். "அவர ரெண்டு மணிக்கே எடுக்க வேண்டியது, பாஸ். நாலு மணி வரைக்கும் நான் எடுக்க விடல. முதலாளி வருவாரு, கடையிலேருந்து எல்லாரும் வருவாங்கன்னு சொல்லிட்டே இருந்தேன். கடைசியில என் கொழுந்தன் கேட்டாரு, இத்தன வருஷம் வேல செஞ்சியே, ஒரு ஆளு கூட வரலியான்னு."

"ஒரு போன் பண்ணியிருக்கலாமேக்கா..."

"சாவு வீட்டுக்கு யாராச்சும் வாங்கன்னு கூப்புடுவாங்களா?"

கமலநாதன் கூனிக் குறுகிப் போனார். தனக்கு வேண்டியதையே எல்லோருக்கும் வேண்டியது என்று நினைத்திருக்கிறார். தான் போகாததை விட, போகக் கிளம்பியவர்களைத் தடுத்ததுதான் அவரை அதிகம் அரித்தது. சொல்லாமல் விட்டிருந்தால் வீரம்மாவுக்குத் தெரிந்தே இருக்காது. ஆனாலும் சொன்னார்.

"நம்ம ஆளுங்க அன்னைக்கே கிளம்பிட்டாங்கக்கா. நான்தான் போகவேணாம்னு நிறுத்தினேன்."

வீரம்மா வெளியே இலை போட்டுக்கொண்டிருந்த கடை ஆட்களை எட்டிப் பார்த்தார். "அதுங்க கிட்ட மூணு நாளா முகம் குடுத்துப் பேசலியே நான்."

"மன்னிச்சிருங்கக்கா. இன்னைக்குச் சாயங்காலம் வீட்டுக்கு வரேன்."

"இப்ப யாரப் பாக்க, பாஸ்?"

கோபமாகக்கூடக் கேட்கவில்லை. உலை கொதிக்கிறதா என்று பார்க்கத் திரும்பிக்கொண்டார்.