பாலர் பாடசாலை கேட்ட இரண்டு இரவு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மனைவி சொல்வாள். அது முழுப் பொய் இல்லை. ஆனால் டென்மார்க்கின் விபோர்க் நகரில், பாலர் பாடசாலையின் பெற்றோர் கூட்டத்தில், அத்தனை டெனிஷ்காரருக்கும் நடுவில் எழும்பி நின்று நான் சத்தம் போட்டதற்குக் கோபம் மட்டும் காரணம் இல்லை. பயம். என் மகள் எனக்கு இன்னும் சரியாகக் கிடைக்கவே இல்லை என்ற பயம்.

நான் சண்டைக்குப் பயந்து ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது அவளுக்கு எட்டு மாதம். "ஒரு வருஷத்துக்குள்ளை உங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டுடுவன்" என்று மனைவியிடம் சொல்லிவிட்டு வந்தேன். டென்மார்க் என்னை அகதியாக ஏற்றுக்கொண்டது. குடும்பத்தைக் கூப்பிட விண்ணப்பமும் போட்டேன். சட்டப்படி எங்களுக்கு அந்த உரிமை இருந்தது. விண்ணப்பம்தான் அசையவில்லை. ஊரில் தபால் கந்தோரில் வேலை பார்த்தவன் நான். ஒரு கடிதம் எங்கே, எத்தனை நாளில் போய்ச் சேரும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். இந்தக் கடிதம் போன இடம் மட்டும் எனக்கு விளங்கவில்லை. எங்கள் ஆட்களின் விண்ணப்பங்களை எடுத்துப் பார்க்க வேண்டாம் என்று மேலிடத்திலேயே சொல்லி வைத்திருந்தார்கள் என்பது பிறகுதான் வெளியில் வந்தது. அது தமிழர் வழக்கு என்று பெயர் எடுத்து, விசாரணை நடந்து, கடைசியில் அரசாங்கமே பதவி விலகியது. அதெல்லாம் பேப்பரில் வந்த கதை. என் வீட்டில் நடந்தது என்னவென்றால், மனைவியும் மகளும் வந்து இறங்கியபோது மகளுக்கு நாலு வயது தாண்டிவிட்டது.

விமான நிலையத்தில் என்னைக் கண்டதும் தாயின் சேலைக்குப் பின்னால் போய் ஒளித்துக்கொண்டாள். "அப்பாவடா, பார்" என்று மனைவி இழுத்து முன்னுக்கு விட்டாள். பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "மாமா" என்றது. ஊரில் தெரியாத ஆண்கள் எல்லாரையும் அப்படிக் கூப்பிடப் பழக்கியிருந்தார்கள். நான் சிரித்துக்கொண்டுதான் நின்றேன். பிறகு பெட்டிகளைத் தூக்கிக்கொண்டு முன்னுக்கு நடந்தேன்.

அவளுக்கு அப்பா என்று ஒருவர் இல்லாமல் இல்லை. நான் அனுப்பிய படம் ஒன்றைக் கண்ணாடி போட்டு வைத்திருந்தார்கள். தினமும் படுக்கப் போகும்போது "அப்பா, படுத்திட்டு வாறன்" என்று அதற்குச் சொல்லிப் பழகியவள். படமும் சூட்கேசுக்குள் வந்து சேர்ந்தது. இங்கேயும் படத்துக்குச் சொல்லிவிட்டுத்தான் படுப்பாள். நான் பக்கத்தில் கதிரையில் உயிருள்ள மனிசனாக உட்கார்ந்திருப்பேன். என் படத்தின் மேல் எனக்கே பொறாமை வந்தது என்றால் யாராவது நம்புவார்களா? வந்தது.

மாமா என்று சொல்லக்கூடாது என்று தாய் கண்டித்த பிறகு, அவள் என்னை ஒன்றும் சொல்லிக் கூப்பிடுவதில்லை. மூன்று பேரும் ஒரே மேசையில் இருப்போம். "அம்மா, பால் வேணுமெண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ" என்பாள். பால் போத்தல் என் கைக்குள் இருக்கும்.

"பால் முடிஞ்சுது எண்டு அவவிட்டைச் சொல்லும்" என்று நான் மனைவிக்குப் பகிடியாகச் சொல்வேன். பிள்ளை சிரிக்காது. மனைவிதான் என் காலை மேசைக்குக் கீழே மிதிப்பாள்.

காலையில் சைக்கிளில் பின்னுக்கு வைத்து அவளைப் பாலர் பாடசாலைக்குக் கொண்டுபோவது என் வேலை. வழி முழுக்க நான்தான் கதைப்பேன். "அங்கை பார், வாத்து. அங்கை பார், தீயணைப்பு வண்டி." பின்னுக்கு மூச்சுப் பேச்சு இருக்காது. உள்ளே கொண்டுபோய் விட்டதும் அவளுடைய வாய் திறக்கும். வந்து ஆறு மாதத்துக்குள் அங்கே உள்ள பிள்ளைகளோடு டெனிஷில் பொரிந்து தள்ளினாள். நான் கதவடியில் நின்று, அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் கேட்டுவிட்டுத்தான் கோழித் தொழிற்சாலைக்கு வேலைக்குப் போவேன்.

இந்த நிலையில்தான் அந்தக் கூட்டம். நரைத்த தலைமயிரைக் கட்டையாக வெட்டிய உயரமான அம்மா ஒருவர்தான் அங்கே தலைமை ஆசிரியை. மே மாதத்தில் பிள்ளைகளை ஏரிக்கரைக் காட்டில் இருக்கும் ஒரு மரவீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகப் போவதாகச் சொன்னார். திங்கள் போய்ப் புதன் வருவது. இரண்டு இரவு. நித்திரைப் பை, டோர்ச் லைட், றப்பர் சப்பாத்து, ஒரு பொம்மை. பெற்றோர் வந்து எட்டிப் பார்க்க வேண்டாம், பிள்ளைகளுக்கு வீட்டு நினைவு வந்துவிடும் என்றும் சொன்னார். மற்றப் பெற்றோர் தலையாட்டிக்கொண்டு கோப்பி குடித்தார்கள். ஐந்து வயதுப் பிள்ளைகளை! காட்டுக்குள்! எனக்கு உச்சியில் ஏறியது.

"என்னுடைய பிள்ளை வரமாட்டாள்" என்று எழும்பினேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் உடைந்த டெனிஷில் மிச்சத்தையும் கொட்டினேன். "உங்களுடைய நாடு என் பிள்ளையை வருஷக் கணக்காக என்னிடம் விடவில்லை. இப்போது நீங்கள் இன்னும் இரண்டு இரவு கேட்கிறீர்கள்."

கோப்பிக் கோப்பைகள் எல்லாம் அப்படியே நின்றன. எனக்கும் வெட்கமாகப் போய்விட்டது, ஆனால் கதிரையில் திரும்ப இருக்கவும் மனம் வரவில்லை. கூட்டம் முடிந்த பிறகு தலைமை ஆசிரியை என்னிடம் வந்தார். வாதாடவில்லை. "நீங்கள் சொன்னது சரி. முடிவு உங்களுடையது," என்றார். "ஆனால் அவளையும் ஒருக்கால் கேளுங்கள்."

ஐந்து வயதுப் பிள்ளையைக் கேட்பதாம். நல்ல கதை! எங்களை யார் கேட்டார்கள்? வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னபோது அவளும் குதித்தாள். "சண்டையிலை செல் விழேக்கை எல்லாம் மடிக்குள்ளை வைச்சிருந்த பிள்ளை. ஒரு இரவு நான் இல்லாமல் படுத்ததில்லை. காட்டுக்கோ? விசரோ இவைக்கு?" நாங்கள் இரண்டு பேரும் ஒரே பக்கம் நின்று கோபப்பட்டது அதுவே முதல் தரம். அந்த ஒற்றுமையில் எனக்குச் சந்தோசம்கூட வந்தது.

அப்போது மகள் அறைக்குள்ளிருந்து வந்து, தாயின் கையைப் பிடித்தாள். "அம்மா, நான் போவன் எண்டு அவரிட்டைச் சொல்லுங்கோ."

"அப்பா வேண்டாமெண்டிட்டார்" என்று மனைவி சட்டென்று சொன்னாள்.

பிள்ளை என்னைப் பார்த்தது. அழவில்லை. எதிர்பார்த்ததுதான் என்கிற மாதிரி ஒரு பார்வை. பால், பென்சில் தவிர அவள் என்னிடம் கேட்ட முதல் பெரிய விசயம் அது. அதற்கும் நான் இல்லை என்று சொன்னால் பிறகு எந்த முகத்தோடு அப்பாவாக இருப்பது? அலுமாரிக்குள் கடிதத்தைப் பூட்டி வைத்த ஆட்களுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம்? "சரி, போகட்டும்" என்றேன். மனைவி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். அடுத்த நாள் பாடசாலை தந்த அனுமதித் தாளில் கையெழுத்து வைத்துக் கொடுத்தேன்.

திங்கட்கிழமை பஸ் வெளிக்கிட்டபோது மனைவி அழுதாள். மகள் யன்னலுக்குள்ளால் தாய்க்குக் கை காட்டினாள். தன் சிநேகிதியோடு என்னவோ கதைத்துச் சிரித்துக்கொண்டே போய்விட்டாள். அன்று வீட்டில் சமையல் இல்லை. மனைவி என்னோடு பேசவும் இல்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் அவள் திடீரென்று வாயைத் திறந்தாள். "இஞ்சாருங்கோ, பிள்ளை மழைக்கோட்டை விட்டிட்டுப் போட்டாள்."

"மற்றது பைக்குள்ளை இருக்கல்லோ? நான்தானே வைச்சனான்."

"அது மெல்லிசு."

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். வெளியே நல்ல வெயில். மழைக்கோட்டை ஒரு பைக்குள் போட்டுத் தந்தாள். பிள்ளைக்குச் சுகமில்லை என்று தொழிற்சாலைக்குப் போன் எடுத்து ஒரு பொய்யும் சொன்னேன். பஸ்ஸில் போய் இறங்கி, காட்டுப் பாதையில் அரை மணித்தியாலம் நடந்தேன். தூரத்திலிருந்து ஒருதரம் பார்த்துவிட்டு, மழைக்கோட்டை மரவீட்டு வாசலில் கொளுவிவிட்டுத் திரும்பி விடுவது என்பதுதான் திட்டம். சத்தியமாக அதுதான் திட்டம்.

மரவீட்டுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு விறகு அடுக்கியிருந்தார்கள். அதற்குப் பின்னால் போய்க் குந்தினேன். முற்றத்தில் நெருப்பு எரிந்தது. சில பிள்ளைகள் நீளத் தடியில் பாணுக்குப் பிசைந்த மாவைச் சுற்றி நெருப்பில் பிடித்துக்கொண்டிருந்தார்கள். என் மகள் எங்கே என்று தேடினேன். மரக்குற்றி ஒன்றில் இருந்தாள். காலில் சேறு, தலையில் யாருடையதோ தொப்பி. கையில் ஒரு கத்தி. விளையாட்டுக் கத்தி இல்லை, இறைச்சி வெட்டுகிற மாதிரி நிசக் கத்தி. அதால் தடியைச் சீவிக்கொண்டிருந்தாள்.

"ஐயோ, கத்தி! பிள்ளை, கத்தியைப் போடு!"

என்னை அறியாமல் வெளியே பாய்ந்துவிட்டேன். பாய்ந்த வேகத்தில் விறகு நாலைந்து சரிந்து உருண்டது. பிள்ளைகள் எல்லாரும் திரும்பினார்கள். காட்டுக்குள்ளிருந்து கையில் பையோடு ஒரு கறுத்த மனிசன் தெரியாத பாஷையில் கத்திக்கொண்டு வந்தால் யார்தான் பயப்பட மாட்டார்கள்? இரண்டு பிள்ளைகள் அழத் தொடங்கின. பொறுப்பாக நின்ற இளம் ஆசிரியர் அந்தக் கிழமைதான் வேலைக்குச் சேர்ந்தவர், என்னைத் தெரியாது. பிள்ளைகளுக்கு முன்னால் வந்து கையை விரித்து நின்றார்.

"நீங்கள் யார்? இங்கே என்ன செய்கிறீர்கள்?"

"நான் ஒரு அப்பா" என்றேன்.

"யாருடைய அப்பா?"

நான் மகளைப் பார்த்தேன். என்ன சொல்வாள்? விமான நிலையத்தில் சொன்னதைச் சொல்வாளா? ஒன்றும் சொல்லாமல் தலையைக் குனிவாளா? ஒரு பிள்ளைக்கு இதைவிட வெட்கம் வேறு என்ன வேண்டும்? சிநேகிதிகள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருக்க, விறகுக்குப் பின்னால் ஒளித்திருந்த மனிசன். தெரியாது என்று ஒரு சொல் சொன்னால் அவளுக்குப் பிரச்சினை முடிந்துவிடும்.

அவள் அவசரப்படவில்லை. முதலில் கத்தியை அதன் உறைக்குள் போட்டாள். அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருந்தார்கள் போல. பிறகு எழும்பி, சேற்றுச் சப்பாத்தோடு நேராக வந்து எனக்கும் ஆசிரியருக்கும் நடுவில் நின்றாள்.

"இது என்னுடைய அப்பா" என்று டெனிஷில் சொன்னாள். "அவருக்குக் கத்தி என்றால் பயம்."

பிள்ளைகள் சிரித்தார்கள். ஆசிரியரும் கையை இறக்கிவிட்டுச் சிரித்தார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த தலைமை ஆசிரியை என்னை அடையாளம் கண்டு, தலையை ஆட்டிக்கொண்டே, "வந்ததுதான் வந்தீர்கள், கோப்பி குடித்துவிட்டுப் போங்கள்" என்றார்.

நான் ஓம் என்று சொல்ல வாயெடுத்தேன். மகள் விடவில்லை. அண்ணாந்து என் முகத்தைப் பார்த்துத் தமிழில் சொன்னாள். நடுவில் தாய் இல்லை, வேறு ஒருவரும் இல்லை.

"தாய் தகப்பன் வரக்கூடாதெண்டு சொன்னவையல்லோ? அப்பா, நீங்கள் போங்கோ. நான் நாளைக்கு வாறன்."

அவ்வளவுதான். கோப்பியும் இல்லை, ஒன்றும் இல்லை. நான் திரும்பி நடந்தேன். பாதை கண்ணில் தெளிவாகத் தெரியவில்லை. எதிரே நாயோடு வந்த ஒரு கிழவர் நின்று, சுகமில்லையா என்று விசாரித்தார். நல்ல சுகம் என்றேன்.

வீட்டுக் கதவைத் தட்ட முதலே மனைவி திறந்துவிட்டாள். கண் என் கையில் இருந்த பையில் விழுந்தது. "என்னப்பா, மழைக்கோட்டைத் திருப்பிக் கொண்டு வாறியள்? பிள்ளையைக் காணேல்லையோ?"

"கண்டனான்."

"அழுதவளோ? சாப்பிட்டவளாமோ? என்ன சொன்னவள்?"

"போகச் சொல்லிப்போட்டாள்."

மனைவியின் முகம் வாடிவிட்டது. "உங்களையோ? அப்பிடியோ சொன்னவள்? என்னெண்டு சொன்னவள்?"

"'அப்பா, நீங்கள் போங்கோ' எண்டு."

"அப்பிடியெல்லாம் ஒரு பிள்ளை..." என்று தொடங்கியவள் நடுவில் நின்றுவிட்டாள். என் முகத்தைப் பார்த்தாள். கதவைப் பிடித்துக்கொண்டு, வாசலிலேயே என்னை மறித்து நின்றாள்.

"இன்னொருக்கால் சொல்லுங்கோ" என்றாள்.