கொப்பியில் இல்லாத மெட்டு

எங்கள் ஊர்க் கூத்துக் குழுவுக்குச் சிலாபம் முதல் கற்பிட்டி வரை ஒரு பெயர் இருக்கிறது. மற்ற ஊர்களில் கோயில் திருநாளுக்கு ஆடிய கூத்தையே திரும்பத் திரும்ப ஆடுவார்கள். நாங்கள் அப்படி ஆடுவதில்லை. புதிதாக எழுதியது, இல்லாவிட்டால் நாற்பது ஐம்பது வருடமாக யாரும் மேடையேற்றாதது, இந்த இரண்டில் ஒன்றுதான். வெளியூர்களிலிருந்து வாடகை வான் பிடித்து வருகிறவர்கள் மாதாவைக் கும்பிட்ட கையோடு, "இந்த முறை என்ன புதுசு?" என்றுதான் கேட்பார்கள்.

அந்தக் குழுவில் நான் பிற்பாட்டுக்காரன். நடிகர் ஒரு வரி பாடினால், மேடையோரத்தில் உட்கார்ந்து அதைத் திருப்பிப் பாடுகிற மூன்று பேரில் ஒருவன். ஐந்தாம் வகுப்போடு கடலுக்குப் போனவன். நாலு பேர் என்னைப் பார்த்தால் அடுத்த அடி மறந்துவிடும். ஆனாலும் ஒரே ஒருமுறை ராசா வேடம் கட்டிப் பாட வேண்டும் என்ற ஆசை இருந்தது. யாரிடமும் சொன்னதில்லை.

யுத்தம் முடிந்து மூன்று நான்கு வருடம் இருக்கும். எங்களுக்குக் கூத்துப் பழக்கும் அண்ணாவியார், கூத்துப்பாட்டு எழுதிவைத்த ஒரு பழைய கொப்பியோடு வந்தார். தென்னந்தோட்டத்து வீடொன்றை இடித்தபோது அலுமாரிக்குள் கிடந்ததாம். ஒரு தீவு ராசா கோள் கேட்டுத் தன் மகனையே சிறையில் போடுகிறான். உண்மை தெரிந்த பிறகு சிறை வாசலில் நின்று அவனிடம் மன்னிப்புக் கேட்கிறான். கூத்தின் உயிரே அந்தச் சிறைப்பாட்டில்தான் இருந்தது. ஆனால் எங்கள் கொப்பிகளில் சுரம் எழுதுவதில்லை. எந்தப் பழைய பாட்டின் மெட்டோ அதன் முதலடியை மேலே எழுதிவிடுவார்கள். இதில் 'சோளகமே சொல்லாயோ' என்று, சோளகக் காற்றைக் கூப்பிடும் ஒரு அடி இருந்தது.

"ஆருக்காவது இந்த மெட்டுத் தெரியுமா?" என்று அண்ணாவியார் கேட்டார்.

எனக்குத் தெரியும். அப்பா கிழிந்த வலையைப் பொத்தும்போது அதைத்தான் பாடுவார். ஆனால் அத்தனை பேர் முன்னால் வாய் எழவில்லை. காலையில் அவர் வீட்டுக்குப் போய்த் தனியாகப் பாடிக் காட்டலாம், கேட்டுவிட்டு ராசா வேடத்தை எனக்கே தந்தாலும் தருவார் என்று நினைத்துக்கொண்டேன்.

காலையில் அவர் வீட்டு வாசல் படலையடிக்குப் போனபோதே உள்ளே ஒரு குரல் கேட்டது. யுத்தத்தில் மூடிக்கிடந்த மன்னார்ப் பாதை திறந்த பிறகு எங்கள் ஊரில் பெண் கட்டி வந்த மன்னார்க்காரர் ஒருவர் வேறொரு கூத்துப் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார். ஐஸ் கம்பனியில் வேலை. வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை, ஊர் முழுக்க அவருக்கு மச்சான்மார். "ராசா வந்திட்டான்டா!" என்று அண்ணாவியார் சத்தம் போட்டது தெருவரைக்கும் கேட்டது. நான் படலையைத் தொடாமல் திரும்பிவிட்டேன்.

அடுத்த வாரம் அந்த மன்னார்க்காரர் எங்கள் வீட்டுக்கே வந்தார். என் மனைவி அவருக்குப் பீங்கான் கோப்பையில் தேத்தண்ணி கொடுத்தாள். அந்தக் கோப்பையில் எனக்கு ஒருநாளும் தந்ததில்லை.

"அண்ணே, உங்கட அப்பாவும் அந்தக் காலத்தில கூத்தாடினவராமே. இந்த மெட்டு உங்கட காதில விழாமலா இருந்திருக்கும்?"

"தெரியாது தம்பி."

"கொஞ்சம் யோசிச்சுப் பாருங்க. அரை அடி கிடைச்சாலும் எனக்குப் போதும்."

"அவர் என்ன பாடினாரோ. காத்தடிச்சால் கடற்கரையில ஒண்டும் கேக்காது."

அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். மனைவி கோப்பையைக் கழுவியபடி, "நீங்க வலை பொத்தேக்க மூக்கால இழுக்கிறது பின்ன என்ன? ஒப்பாரியா?" என்றாள்.

"மெட்டைப் பத்தி உனக்கென்ன தெரியும்?"

"மெட்டுத் தெரியாது. உங்களத் தெரியும்."

அன்றிலிருந்து வலை பொத்தும்போது வாயை மூடிக்கொண்டேன். அவர் தானாகவே ஒரு மெட்டுப் போட்டார். அது நன்றாக இருந்ததுதான் என்னால் தாங்க முடியாதது. ஒவ்வொரு ஒத்திகையிலும் அவர் மெட்டையே அவருக்குப் பின்னால் நான் திருப்பிப் பாட வேண்டியிருந்தது.

திருநாளன்று செபம் முடிந்ததும் கூத்துத் தொடங்கியது. மதுரங்குளியிலிருந்து வந்த முஸ்லிம் வியாபாரிகள்கூடக் கடைகளை மூடிவிட்டுக் கடைசி வரிசையில் நின்றார்கள். அவர் சிறை வாசலில் முழந்தாளிட்டுப் பாட, முன்வரிசைப் பெண்கள் மூக்கைச் சிந்தத் தொடங்கினார்கள். 'உன் தகப்பன் வந்து நிற்கிறேன்' என்ற வரி வந்தபோது நான் கண்ணை மூடிக்கொண்டேன். திருப்பிப் பாட வாயைத் திறந்தேன். வந்தது அப்பாவின் மெட்டு.

மற்ற இரண்டு பேரும் திகைத்து நிறுத்திவிட்டார்கள். ஆர்மோனியமும் நின்றது. என் குரல் தனியாக அந்த வரியின் கடைசிவரை போனது.

அவர் லேசாகத் தலையைத் திருப்பினார். ஒரு மூச்சு நேரம்கூடத் தாமதிக்கவில்லை. அடுத்த வரியை அப்பாவின் மெட்டிலேயே எடுத்தார். நான் மாதக்கணக்காக மறைத்து வைத்திருந்ததை ஒரு வரியில் பிடித்து, அதற்கடுத்த வரிகளையும் தானே கண்டுகொண்டு போனார். நான் பாடியிருந்தால் அப்படி வந்திருக்காது. சனம் வாய்விட்டு அழுதது.

முடிந்ததும் முகப்பூச்சோடு ஓடிவந்து என் கையைப் பிடித்தார். "இவ்வளவு நாளும் இத எங்க அண்ணே வச்சிருந்தீங்க?"

"அந்த நேரம்தான் ஞாபகம் வந்தது தம்பி."

அவர் நம்பினார். பக்கத்தில் நின்ற என் மனைவி, "ஓம், ஓம். அந்த நேரம்தான்" என்றாள்.

ஒருமுறை ஆடியதைத் திரும்ப ஆடாத எங்கள் குழு அந்தக் கூத்தை மட்டும் ஐந்தாறு ஊர்களில் ஆடிவிட்டது. சனங்கள் அதை மன்னாரார் மெட்டு என்கிறார்கள். அவரோ என்னைக் காட்டி, "அண்ணன் தந்தது" என்கிறார். அதுவும் எனக்குப் பிடிப்பதில்லை.

ஒன்று மட்டும் இருக்கிறது. நாலாவது வரியின் கடைசிச் சொல்லுக்கு முன் அப்பா குரலைக் கீழே இறக்கி, ஒரு சுற்றுச் சுற்றி மேலே கொண்டுவருவார். என் வாயிலிருந்து தவறி விழுந்த வரியில் அந்தச் சுற்று இல்லை. மன்னாரார் அந்த இடத்தை நேராகப் பாடிவிட்டுப் போகிறார். ஒவ்வொரு முறையும் அந்த இடம் வரும்போது நான் பின்னால் காத்திருக்கிறேன்.

"எல்லாம் சரிதானே அண்ணே?" என்று இரண்டு முறை கேட்டுவிட்டார்.

"சரி தம்பி" என்று இரண்டு முறையும் சொன்னேன்.